ஸலாலா கடலோரப் பயணமும் மார்க்கத்தின் வழிகாட்டலும்

புகழனைத்தும் வானையும் பூமியையும் கடலையும் மலையையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை ஓமான் நாட்டின் தென்கோடியில் உள்ள தோஃபார் பகுதிக்கு "கரீஃப்" காலம். அரபு நாடுகள் 45 டிகிரி வெயிலில் வேகும் அந்த மாதங்களில், ஸலாலா நகரமும் அதைச் சுற்றிய மலைகளும் பச்சைப் போர்வை போர்த்தி, சாரல் மழையில் நனைந்துகொண்டிருக்கும். மஸ்கட்டிலும் துபையிலும் ஷார்ஜாவிலும் வேலை செய்யும் நம் மஹல்லாப் பிள்ளைகள் விடுமுறை கிடைத்தால் நான்கைந்து பேராகவோ குடும்பத்தோடோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு அங்கே போகிறார்கள். போய்க்கொண்டே நமக்குப் போனும் செய்கிறார்கள். "ஹஜ்ரத், கஸ்ரு செய்யலாமா? ஜம்உ செய்யலாமா? ஜும்ஆ தவறினால் குற்றமா?" என்று கேட்கிறார்கள். அல்ஹம்து லில்லாஹ், கேட்பதே நல்ல அடையாளம்.

ஆனால் அவர்கள் கேட்காத ஒரு கேள்வியும் உண்டு. "அலை அடிக்கும் பாறையின் விளிம்பில் போய் நிற்கலாமா?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அதற்கும் மார்க்கத்தில் பதில் இருக்கிறது. இன்றைய பாடத்தில் இவை எல்லாவற்றையும் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

பூமியில் பயணம் செய்யுங்கள்

இயற்கையை ரசிப்பதும் அதற்காகப் பயணம் போவதும் தீனுக்கு அந்நியமான காரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. பூமியில் பயணம் செய்து, படைப்பை அவன் எப்படித் தொடங்கினான் என்று பார்க்கும்படி அல்லாஹு தஆலா அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனத்தில் சொல்கிறான். பூமியை நமக்கு வசப்படுத்தித் தந்ததாகவும், அதன் பல பாகங்களிலும் நடந்து அவன் தரும் உணவை உண்ணும்படியும் முல்க் அத்தியாயத்தின் 15ஆம் வசனத்தில் கூறுகிறான். அதே வசனம், திரும்பச் செல்வது அவனிடமே என்று முடிகிறது. ஆக, போகச் சொன்ன ரப்பு, திரும்பும் இடத்தை மறக்க வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்கிறான்.

ஸலாலாவில் பார்க்க வேண்டிய அத்தாட்சி

ஸலாலாவுக்குப் போகிறவர்கள் மூடுபனியையும் பசுமையையும் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பனி எப்படி வந்தது என்று சற்று யோசித்தால், பார்ப்பது பாடமாகிவிடும்.

நம் குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் வீசுகிறது. "மவ்ஸிம்" என்ற அரபுச் சொல்லில் இருந்துதான் "மான்சூன்" என்ற சொல்லே பிறந்தது. அந்தக் காற்று தோஃபார் கரையை ஒட்டி வீசும்போது கடலின் மேல்மட்டத்து வெந்நீரைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்தில் இருக்கும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த நீரின் மேல் கடக்கும்போது மூடுபனியாகத் திரள்கிறது. கரைக்குப் பின்னால் மதில் போல நிற்கும் மலைகள் அந்தப் பனியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மலையைத் தாண்டி வடக்கே இறங்கினால் சாரலும் இல்லை, பச்சையும் இல்லை, பாலைவனம் தொடங்கிவிடுகிறது. ஒரே காற்று, மலைக்கு இந்தப் பக்கம் ரஹ்மத்தான சாரல், அந்தப் பக்கம் சுடுமணல்.

ஆழத்து நீர் மேலே வரும்போது மீன்களுக்கான உணவையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. அதனால் அந்தக் கரையில் மத்தி மீன் ஏராளம். 1330ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே வந்த பெரும் பயணி இப்னு பதூதா, அவ்வூர் மக்கள் கால்நடைகளுக்கு மத்தி மீனைத் தீனியாகப் போடுவதைக் கண்டு வியந்து தம் பயணக் குறிப்பில் பதிந்திருக்கிறார். பாலைவன நாட்டில் மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனத்தைக் கடலுக்குள் வைத்திருக்கிறான் ரஸ்ஸாக்கான அல்லாஹ்!

அந்தக் கரைக்கும் நம் தமிழ்க் கரைக்கும் பழைய உறவும் உண்டு. பாண்டிய மன்னர்களுக்கு ஹுர்முஸ், கைஸ், ஏடன் துறைகளோடு தோஃபாரில் இருந்தும் அரபுக் குதிரைகள் கப்பலேறி வந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். தோஃபாரில் விளையும் சாம்பிராணியும் பல நாடுகளுக்குப் போனது. அந்த வணிகத்தின் பழைய துறைமுகங்களான கோர் ரோரியும் அல்பலீதும் 2000ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் உள்ளன. அங்கே போகிறவர்கள் அந்த இடிந்த மதில்களையும் ஒரு நடை பார்க்க வேண்டும். பெரும் செல்வம் புழங்கிய துறைமுகங்கள் இன்று வெறும் கற்குவியல். துன்யாவின் மதிப்பு இவ்வளவுதான்.

மேகத்தைக் கண்டு மகிழ்ந்த கூட்டம்

பெரியோர்களே! ஓமானுக்கும் ஹளரமவ்த்துக்கும் இடைப்பட்ட மணல் பரப்பே "அஹ்காஃப்" என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் கூறுகிறார்கள். ஹூத் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் அனுப்பப்பட்ட ஆது கூட்டம் வாழ்ந்த நிலம் அது. தங்கள் பள்ளத்தாக்குகளை நோக்கி வந்த மேகத்தைப் பார்த்து, நமக்கு மழை வருகிறது என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். வந்ததோ வேதனையைச் சுமந்த காற்று. அஹ்காஃப் அத்தியாயத்தின் 24, 25ஆம் வசனங்கள் இதைச் சொல்கின்றன.

அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவிக்கிறார்கள்: வானில் மேகம் திரண்டால் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் முகம் மாறிவிடும். வெளியே போவார்கள், உள்ளே வருவார்கள். மழை பெய்துவிட்டால்தான் அந்தக் கவலை நீங்கும். காரணம் கேட்டபோது, ஆது கூட்டம் மேகத்தைக் கண்டு சொன்னதைப் போல இதுவும் ஆகிவிடுமோ என்ற அச்சத்தைச் சொன்னார்கள். (புகாரி)

இதனால் மேகத்தைக் கண்டு மகிழக் கூடாது என்று பொருளல்ல. மழை ரஹ்மத்து, அதற்காக நாம் தொழுதே கேட்கிறோம். ஆனால் அந்த மேகத்துக்குப் பின்னால் ஒரு ரப்பு இருக்கிறான் என்ற நினைவு முஃமினின் மகிழ்ச்சியோடு சேர்ந்தே இருக்கும். அந்த நினைவு இல்லாத மகிழ்ச்சி ஆது கூட்டத்தின் மகிழ்ச்சி.

நிய்யத்தைச் சரி செய்யுங்கள்

இங்கே நம் ஷாஃபிஈ மத்ஹபில் நுட்பமான ஒரு சட்டம் இருக்கிறது. நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈன் நூலில், வெறுமனே ஊர்களைச் சுற்றிப் பார்ப்பது மட்டுமே ஒருவரின் நோக்கம் என்றால் அந்தப் பயணத்துக்குக் கஸ்ரு போன்ற சலுகைகள் இல்லை என்ற கருத்து இடம் பெறுகிறது. அதே நேரத்தில், மனச்சோர்வு நீங்க ஓய்வு தேடிப் போவது சரியான நோக்கமே என்றும் ஃபுகஹாக்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆக, "எதற்காகப் போகிறேன்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

பதினோரு மாதம் உழைத்த உடலுக்கு ஓய்வு, மனைவி மக்களுக்கு மகிழ்ச்சி, நண்பர்களோடு உறவு, அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்துப் படிப்பினை. இப்படி நிய்யத் வைத்துக்கொண்டால் போகும் வழியெல்லாம் நன்மை. "எல்லாரும் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள், நாமும் போடணும்" என்பதற்காகக் கடன் வாங்கிப் போனால், கடன் ஒன்றுதான் மிச்சமாகும்.

பயணத்தில் தொழுகை

மஸ்கட்டில் இருந்து ஸலாலா ஏறத்தாழ 1000 கி.மீ. இதில் கஸ்ரு உண்டு என்பதில் இரு மத்ஹபிலும் ஐயமில்லை. மற்ற விவரங்களைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

தொலைவு: ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, நம் உஸ்தாதுமார்கள் சொல்லும் கணக்கில் சுமார் 82 கி.மீ. ஹனஃபி மத்ஹபில் 48 மைல், அதாவது சுமார் 77 கி.மீ. ஸலாலாவிலேயே குடியிருப்பவர் 40 கி.மீ. மேற்கே இருக்கும் முக்ஸைல் கடற்கரைக்குப் போய்வந்தால் கஸ்ரு இல்லை. அவரே ஏமன் எல்லைப் பக்கம் 100 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும் தல்கூத்துக்குப் புறப்பட்டால் கஸ்ரு உண்டு. இரண்டிலும் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே பயணச் சட்டம் தொடங்கும். வீட்டு வாசலில் வண்டி ஏறியதுமே அல்ல.

தங்குதல்: போய்ச் சேரும் நாளையும் திரும்பும் நாளையும் விட்டு, நான்கு முழு நாள் தங்க நிய்யத் வைத்தால் ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ரு இல்லை. ஹனஃபியில் பதினைந்து நாள் தங்க நிய்யத் வைத்தால்தான் முழுமையாகத் தொழ வேண்டும். எந்த மத்ஹபாக இருந்தாலும், ஊர்க்காரரான இமாமைப் பின்பற்றித் தொழுதால் நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும்.

ஜம்உ: ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். முற்படுத்திச் சேர்ப்பவர் முதல் தொழுகையிலேயே அதற்கான நிய்யத்தை வைக்க வேண்டும். பிற்படுத்திச் சேர்ப்பவர் முதல் தொழுகையின் நேரம் முடிவதற்குள் நிய்யத் வைத்துவிட வேண்டும். நிய்யத் இல்லாமல் அரட்டையில் நேரத்தைப் போக்கிவிட்டு "ஜம்உ செய்துக்கலாம்" என்றால் அது கழா. ஹனஃபி மத்ஹபினர் லுஹரை அதன் கடைசி நேரத்திலும், அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழுதுகொள்ளலாம்.

ஜும்ஆ: பயணிக்கு ஜும்ஆ கடமை இல்லை. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில், வெள்ளிக்கிழமை ஸுப்ஹு நேரம் வந்த பிறகு, வழியில் ஜும்ஆ கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல் ஊரை விட்டுப் புறப்படுவது கூடாது. வெள்ளி விடுமுறை கிடைத்தது என்று அதிகாலையில் கிளம்பும் தம்பிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியாழன் இரவே புறப்படுங்கள். அல்லது வழியில் எந்தப் பள்ளியில் ஜும்ஆ என்று முடிவு செய்துகொண்டு புறப்படுங்கள்.

கரீஃப் காலத்தில் நாள் முழுக்கச் சூரியனே தெரியாது. எனவே கிப்லாவையும் தொழுகை நேரத்தையும் யூகத்தில் விடாமல் செல்போனில் சரிபாருங்கள். நிறுத்த முடிந்த வண்டியில் உட்கார்ந்துகொண்டே ஃபர்ளைத் தொழுவது கூடாது. இறங்கி, சுத்தமான இடத்தில், கிப்லாவை நோக்கி நின்று தொழுங்கள்.

சாலையின் ஒழுங்குகள்

முக்ஸைலைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு விலகி, கொண்டை ஊசி வளைவுகளாக மலையேறுகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், கீழே அரபிக் கடல். கிழக்கே மிர்பாத்தைத் தாண்டி ஹாஸிக் வரை போனால், மலைக்கும் கடலுக்கும் நடுவில் சாலை ஒட்டிக்கொண்டு போகும். இப்படிப்பட்ட ஏற்ற இறக்கங்களுக்கு என்றே ஒரு ஸுன்னத் இருக்கிறது. நாங்கள் மேட்டில் ஏறும்போது தக்பீர் சொல்வோம், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹ் சொல்வோம் என்று ஜாபிர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் கூறியதை இமாம் புகாரி பதிவு செய்கிறார்கள். உயரத்துக்கு ஏறும்போது "அல்லாஹு அக்பர்": நீ உயரவில்லை, உயர்ந்தவன் அவன். இறங்கும்போது "ஸுப்ஹானல்லாஹ்": தாழ்வும் குறையும் அவனுக்கு இல்லை. வண்டியில் பாட்டு ஓடும் நேரத்தில் பிள்ளைகளுக்கு இந்த ஸுன்னத்தைப் பழக்கிப் பாருங்கள்.

அடுத்தது தூக்கம். பத்து மணி நேரத்துக்கும் மேலான ஓட்டம். ஆதமில் இருந்து ஹைமா வழியாகத் தும்ரைத் வரை கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே சமவெளி. அந்த இடத்தில் கண் சொருகுவது யாருக்கும் நடக்கும். ஒரு இரவுப் பயணத்தில் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வாகனத்தின் மீது கண்ணயர்ந்து சாய்ந்தார்கள். பக்கத்தில் வந்த அபூ கதாதா ரலியல்லாஹு அன்ஹு அவர்கள், நபியை எழுப்பாமல் தாங்கிப் பிடித்து நேராக்கினார்கள். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை விழும் அளவுக்குச் சாய்ந்தபோதும் தாங்கினார்கள். அப்போது நபியவர்கள் தலையை உயர்த்தி, யார் என்று கேட்டு, தன் நபியைப் பாதுகாத்ததற்காக அல்லாஹ் உம்மைப் பாதுகாப்பானாக என்ற கருத்தில் துஆச் செய்தார்கள். (முஸ்லிம்)

ஒட்டுபவருக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கு இந்த ஹதீஸில் வேலை இருக்கிறது. முன் சீட்டில் உட்கார்ந்து குறட்டை விடுபவர் அபூ கதாதாவாக முடியாது. விழித்திருந்து பேச்சுக் கொடுங்கள். ஓட்டுபவருக்குக் கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள். மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளச் சொன்னார்கள் நபியவர்கள். (அபூதாவூத்) அந்த அமீர் "நிறுத்து" என்றால் நிறுத்த வேண்டும்.

இரவில் தங்கினால் பாதையில் தங்காதீர்கள், அது பிராணிகளின் வழி என்றும் நபியவர்கள் எச்சரித்தார்கள். (முஸ்லிம்) தோஃபாரில் ஒட்டகங்கள் சாலையில் தாராளமாக நடமாடும். மூடுபனியில் பத்தடிக்கு முன்னால் நிற்பதும் தெரியாது. சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களும், பனியில் வேகத்தைக் குறைக்காதவர்களும் இந்த ஹதீஸை நினைவில் கொள்ள வேண்டும். மழை பெய்து வாதியில் தண்ணீர் ஓடும்போது வண்டியை இறக்குவது ஓமானில் சட்டப்படியும் குற்றம்.

விளிம்பில் நிற்பவர்களுக்கு

சகோதரர்களே! இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

முக்ஸைலில் கடலோரச் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் அலைகள் குடைந்த குகைகள் இருக்கின்றன. கரீஃப் காலத்துப் பேரலை அந்தக் குகைக்குள் புகுந்து, பாறையில் உள்ள துளைகள் வழியாக ஆள் உயரத்துக்கும் மேலே பீறிட்டு அடிக்கும். அதைப் பார்க்கத்தான் கூட்டம். பார்ப்பவர் காலுக்குக் கீழே இருப்பதோ உள்ளே குடையப்பட்ட பாறை.

2022 ஜூலையில் அதே முக்ஸைலில், பாதுகாப்பு வேலிக்கு அப்பால் நின்ற குடும்பத்தாரைப் பேரலை ஒன்று இழுத்துக்கொண்டு போனது. எட்டுப் பேர் கடலில் விழுந்தார்கள். மூவரை மீட்க முடிந்தது. மற்றவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்தக் காட்சியை நம்மில் பலர் செல்போனில் பார்த்தோம், "இன்னா லில்லாஹி" சொன்னோம், அடுத்தவருக்கு அனுப்பினோம். ஆனால் பாடம் படித்தோமா?

கடல் ஏமாற்றும் விதம் இதுதான்: பத்து அலை சிறிதாக வரும். "இவ்வளவுதானே" என்று மனிதன் இரண்டடி முன்னே வைப்பான். பதினொன்றாவது அலை பெரிதாக வரும். பாசி பிடித்த ஈரப் பாறையில் கால் நிற்காது. அலை வந்து அடிப்பதைவிட, திரும்பும்போது இழுப்பதுதான் ஆபத்து. செங்குத்தான பாறைக் கரையில் விழுந்தவர் நீச்சல் தெரிந்தாலும் ஏறி வர வழி இருக்காது.

இஸ்ராஉ அத்தியாயத்தின் 67 முதல் 69 வரையிலான வசனங்களைப் பாருங்கள். கடலில் துன்பம் வந்தால் மனிதன் அல்லாஹ் ஒருவனையே அழைக்கிறான். கரை சேர்த்ததும் முகம் திருப்பிக்கொள்கிறான் என்கிறான் ரப்பு. பிறகு கேட்கிறான்: கரையின் ஒரு பக்கத்தையே உங்களோடு உள்ளே விழுங்கச் செய்துவிட மாட்டான் என்று அச்சமற்று இருக்கிறீர்களா? கடலுக்குள் இருப்பவன் பயப்படுகிறான். கரையில் நிற்பவன் பயமில்லை என்று நினைக்கிறான். கரையும் அல்லாஹ்வின் பிடியில்தான் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வியின் பொருள்.

நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட வேண்டாம் என்று பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் தடுக்கிறது. அல்அதபுல் முஃப்ரதில் ஒரு ஹதீஸ் வருகிறது. தடுப்புச் சுவர் இல்லாத மாடியில் படுத்து, விழுந்து இறந்தவரை விட்டும், கொந்தளிக்கும் நேரத்தில் கடலில் ஏறி அழிந்தவரை விட்டும் பாதுகாப்பின் பொறுப்பு நீங்கிவிட்டது என்ற கருத்தை நபியவர்கள் சொன்னார்கள். தடுப்பு இல்லாத மாடி, கொந்தளிக்கும் கடல்: இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடம்தான் வேலிக்கு அப்பால் இருக்கும் பாறை விளிம்பு! ஆகவே வேலியைத் தாண்டுவது துணிச்சல் என்று நினைக்காதீர்கள். அது கூடாத காரியம். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டுபவர், தன் பொறுப்பில் இருக்கும் அமானிதத்தையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

"எது நடக்கணும்னு தக்தீர்ல இருக்கோ அது நடக்கும்" என்பார் சிலர். வேலி போட்டிருப்பதும் தக்தீர்தான். அதைப் பார்க்கக் கண் கொடுத்திருப்பதும் தக்தீர்தான். கொள்ளை நோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் திரும்பிய உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள், அல்லாஹ்வின் ஒரு விதியில் இருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்று விளக்கினார்களே, அந்த விளக்கம் நமக்குப் போதும்.

"நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்று ஹதீஸ் இருக்கிறதே?" என்றும் கேட்கலாம். ஆம், இருக்கிறது. கடலில் உயிர் இழந்த நம் சகோதரர்களுக்கு அல்லாஹ் அந்த அந்தஸ்தைத் தர வேண்டும் என்று ஆதரவு வைப்போம், துஆச் செய்வோம். இறந்தவர்களைக் குறை பேச நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த ஹதீஸ் இறந்தவரின் குடும்பத்துக்கு ஆறுதல். உயிரோடு இருப்பவருக்கு அலையில் இறங்க அனுமதிச் சீட்டு அல்ல.

இன்னொன்றையும் யோசியுங்கள். கடலில் போனவரின் ஜனாஸா கிடைக்க எத்தனை நாள் ஆகும்? கிடைக்காமலும் போகலாம். குளிப்பாட்ட, கஃபனிட, தொழவைக்க, அடக்க ஒன்றும் இல்லாமல் ஊரில் ஒரு தாய் காத்துக்கொண்டே இருப்பாள். ஒரு படத்துக்காக இவ்வளவு பெரிய விலையா?

செய்ய வேண்டியவை

புறப்படும்போது பயண துஆவை ஓதுங்கள். தங்கும் இடத்தில், அல்லாஹ்வின் முழுமையான வார்த்தைகளைக் கொண்டு பாதுகாவல் தேடும் துஆவை ஓதுங்கள். அங்கிருந்து கிளம்பும் வரை எதுவும் தீங்கு செய்யாது என்று கவ்லா பின்த் ஹகீம் ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவிக்கிறார்கள். (முஸ்லிம்) துஆவும் ஓத வேண்டும். வேலிக்கு இந்தப் பக்கமும் நிற்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நமக்குக் கற்றுத் தரப்பட்ட வழி.

கரீஃப் காலத்தில் கடலில் குளிக்க இறங்காதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். சமைத்துச் சாப்பிட்ட இடத்தில் குப்பையை விட்டு வராதீர்கள். மக்கள் நிழலுக்காக ஒதுங்கும் இடத்தை அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரிய செயல் என்று ஹதீஸ் சொல்கிறது. பிற குடும்பத்துப் பெண்கள் இருக்கும் பக்கம் செல்போனைத் திருப்பாதீர்கள்.

பயணம் வேதனையின் ஒரு பகுதி. உறக்கத்தையும் உணவையும் தடுக்கிறது. தேவை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுத் தந்தார்கள். (புகாரி, முஸ்லிம்) போனவர் நல்லபடியாகத் திரும்புவதுதான் வீட்டில் இருப்பவர்கள் எதிர்பார்க்கும் பரிசு. ஊரில் இருக்கும் பெற்றோர்களே! உங்கள் பிள்ளை "ஸலாலா போகிறேன்" என்று போனில் சொன்னால், துஆச் செய்வதோடு "வேலியைத் தாண்டாதே வாப்பா" என்ற ஒரு வார்த்தையையும் சொல்லுங்கள். நம் வார்த்தை ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பான பயணங்களாக ஆக்குவானாக! படைப்பைப் பார்த்துப் படைத்தவனை அறியும் கண்களைத் தருவானாக! கடலில் உயிர் நீத்த முஃமின்களுக்கு ஷஹீதுகளின் அந்தஸ்தையும், அவர்களின் குடும்பத்தாருக்கு அழகிய பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.